கட்சிக்காரர் வக்கீலை மாற்றிவிட்டால் பாக்கிக் கட்டணத்தை எப்படிப் பெறுவது?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இது: பாகப்பிரிவினை வழக்கு ஒன்றில் மூன்று வருடமாக வாதிக்காக ஆஜராகி வருகிறீர்கள். வாய்வார்த்தையாகப் பேசிய கட்டணம் 60,000 ரூபாய். கைக்கு வந்தது 20,000. வாதியின் முதல் விசாரணை முடிந்து, குறுக்கு விசாரணை பாதியில் நிற்கும்போது கட்சிக்காரர் வேறு வக்கீலிடம் போய்விட்டார். புது வக்கீல் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்தும், கேஸ் கட்டும் கேட்கிறார். பாக்கி வரும்வரை இரண்டையும் கொடுக்காமல் நிறுத்தி வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு அடியில் இருக்கும் பயம் வேறு: கட்டைக் கொடுத்துவிட்டால் பணம் கேட்கும் உரிமையும் அதோடு போய்விடுமோ என்பது. போகாது. உங்கள் கட்டணம் கட்சிக்காரர் உங்களுக்குத் தரவேண்டிய கடன். கட்டு யார் கையில் இருந்தாலும் அந்தக் கடன் கடன்தான். கட்டைப் பிடித்து வைத்தால் ஆபத்தில் விழுவது உங்கள் தொழில்தான். சிவில் பக்கத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு விஷயத்தில் நல்ல இளம் வக்கீல்கள் கோபத்தில் தங்கள் சன்னதையே, அதாவது தொழில் செய்யும் உரிமத்தையே, சிக்கலில் கொண்டுபோய் விட்டதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் சந்தேகத்துக்கே இடமில்லாத பகுதி. கட்சிக்காரர் கேட்டபிறகு வழக்குக் கட்டைத் திருப்பித் தராமல் இருக்க வக்கீலுக்கு உரிமை இல்லை. உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஆர்.டி. சக்சேனா எதிர் பல்ராம் பிரசாத் சர்மா வழக்கில் இதைத் தீர்த்துவிட்டது. மத்தியப் பிரதேச மாநிலக் கூட்டுறவு வங்கி தன் சட்ட ஆலோசகராக இருந்த வக்கீலை 1993இல் நிறுத்திவிட்டுக் கட்டுகளைத் திருப்பிக் கேட்டது. அவர் 97,100 ரூபாய்க்கு பில் அனுப்பி, அது தீர்ந்தால்தான் கட்டுகள் என்றார். பணம் உண்மையிலேயே பாக்கி இருந்ததா இல்லையா என்பதற்குள்ளேயே நீதிமன்றம் போகவில்லை. பாக்கி இருந்தாலும் கட்டை நிறுத்த முடியாது, நிறுத்தினால் அது வழக்கறிஞர்கள் சட்டம் 35ஆம் பிரிவின் கீழ் தொழில்முறை ஒழுங்கீனம் என்றது. இந்திய பார் கவுன்சில் அவருக்குப் பதினெட்டு மாதம் தொழில் செய்யத் தடையும் ஆயிரம் ரூபாய் அபராதமும் விதித்திருந்தது. சட்டம் அதுவரை தெளிவாக இல்லாததையும் கருதி உச்ச நீதிமன்றம் அதைக் கண்டனமாகக் குறைத்தது. இன்று அதே காரியத்தைச் செய்கிறவருக்கு அந்தச் சலுகை கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். சட்டம் தெளிவாகி இருபத்தைந்து வருடம் ஆகிறது. நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் சம்பந்தப்பட்ட இன்னொரு வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதையே மறுபடி உறுதி செய்தது.

காரணத்தையும் புரிந்துகொள்வது நல்லது. பாக்கிக்காக ஒருவர் பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை இந்திய ஒப்பந்தச் சட்டம் 171ஆம் பிரிவில் இருக்கிறது. அந்த உரிமை உள்ளவர்கள் என்று அது சொல்லும் பட்டியலில் உயர் நீதிமன்ற அட்டர்னிகளும் உண்டு. அதைப் பார்த்துத்தான் நம்மில் பலர் ஏமாறுகிறார்கள். ஆனால் அந்தப் பிரிவு பேசுவது சரக்கைப் பற்றி. விற்கவும் வாங்கவும் கூடிய பண்டம்தான் சரக்கு. வழக்குக் கட்டுக்கு சந்தை விலை கிடையாது. அது கட்சிக்காரரின் வழக்குக்கு வேண்டிய காகிதம். அதைப் பிடித்து வைத்தால் நிற்பது வழக்கு, நஷ்டப்படுவது கட்சிக்காரர் மட்டுமல்ல, அன்றைக்கு விசாரணைக்கு உட்கார்ந்திருக்கும் நீதிமன்றமும்தான். வெளிநாட்டுச் சட்டங்களைப் படித்துவிட்டு 'சார்ஜிங் லியன்' பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். நியூயார்க் மாநிலத்தில் அப்படி ஒன்று சட்டத்திலேயே இருக்கிறது: தகுந்த காரணம் இல்லாமல் நீக்கப்பட்ட வக்கீலின் பாக்கி, வழக்கில் கட்சிக்காரருக்குக் கிடைக்கும் தொகையின் மேல் ஏறி நிற்கும். கலிபோர்னியாவில் 1972இல் வந்த ஃப்ரகாஸ் எதிர் பிரென்ட் தீர்ப்பு, வெற்றி பெற்றால் இத்தனை சதவீதம் என்று பேசிக்கொண்ட வக்கீல் இடையில் நீக்கப்பட்டால், பேசிய சதவீதம் கிடைக்காது, செய்த வேலையின் நியாயமான மதிப்பு கிடைக்கும் என்றது. நம் ஊர் வழக்குக்கு இவற்றை நேராக எடுத்து வைக்க முடியாது. செய்த வேலைக்கு மதிப்பு உண்டு என்ற அந்தக் கருத்து மட்டும் நமக்கும் உதவும். அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்து ஆட்சேபணை இல்லை என்ற கையெழுத்து. பார் கவுன்சில் விதி 39 சொல்வது இது: ஏற்கெனவே ஒருவர் வக்காலத்து போட்டிருக்கும் வழக்கில், அவர் சம்மதம் இல்லாமல் இன்னொருவர் ஆஜராகக் கூடாது. சம்மதம் கிடைக்கவில்லையென்றால் காரணத்தைச் சொல்லி நீதிமன்றத்தில் மனுப்போட்டு, அனுமதி பெற்று ஆஜராகலாம். இந்த இரண்டாவது பாதியைப் பலரும் படிப்பதில்லை. விதி உங்களுக்குக் கொடுப்பது ஒரு மரியாதை. வழக்கை நிறுத்தும் அதிகாரம் இல்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 3 விதி 4இன்படி வக்காலத்து முடிவது கட்சிக்காரரோ வக்கீலோ எழுதிக் கையெழுத்திட்டு, நீதிமன்ற அனுமதியோடு தாக்கல் செய்யும்போது. கட்சிக்காரர் நேரில் வந்து 'எனக்கு இந்த வக்கீல் வேண்டாம்' என்று சொல்லிவிட்டால், கட்டண பாக்கியைக் காட்டி அவரை உங்களிடமே கட்டிப்போட எந்த நீதிபதியும் விரும்பமாட்டார். கட்டண பாக்கியை மட்டும் காரணமாகச் சொல்லிச் சம்மதம் மறுப்பது ஒழுங்கீனமாகுமா என்பதில் வாதம் செய்ய இடம் இருக்கலாம். அந்த வாதத்துக்கு உங்கள் பெயரை முன்மாதிரியாக ஆக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கையெழுத்துப் போடுங்கள். போடும்போதே, 'கட்டண பாக்கி குறித்த என் உரிமைகளுக்குப் பாதகமில்லாமல்' என்ற ஒரு வரியைச் சேர்த்துப் போடுங்கள்.

இனி உங்கள் உரிமை எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். 1926ஆம் வருடத்து வழக்கறிஞர்கள் (கட்டணம்) சட்டம் என்று ஒன்று இருக்கிறது. மிகச் சிறியது, அரை மணி நேரத்தில் படித்து முடித்துவிடலாம். ஆங்கிலேய பாரிஸ்டர் மரபில் கட்டணம் என்பது அன்பளிப்பு, அதற்காக வழக்குப் போட முடியாது என்றொரு எண்ணம் இருந்தது. அதை இந்தச் சட்டம் முடித்து வைத்தது. 3ஆம் பிரிவு, வக்கீல் தன் கட்சிக்காரரோடு கட்டணத்தைத் தனி ஒப்பந்தமாகப் பேசிக்கொள்ளலாம் என்கிறது. 4ஆம் பிரிவு, அந்தக் கட்டணத்துக்காக வழக்குப் போடலாம் என்றும், எதுவுமே பேசிக்கொள்ளாவிட்டால் வழக்குச் செலவுத்தொகையில் வக்கீல் கட்டணத்தைக் கணக்கிடும் விதிகளின்படி பெறலாம் என்றும் சொல்கிறது. அந்த விதிக் கணக்கு நாம் நடைமுறையில் வாங்குவதைவிடப் பெரும்பாலும் மிகக் குறைவு. ஆகவே 'அறுபதாயிரம் பேசினோம்' என்பதை நிரூபிப்பதுதான் உங்கள் முதல் வேலை. வாய்வார்த்தையும் ஒப்பந்தம்தான்; எழுத்தில் இல்லாததால் அது செல்லாமல் போய்விடாது. அதே சட்டத்தின் 5ஆம் பிரிவையும் மறக்காதீர்கள்: கவனக்குறைவால் கட்சிக்காரருக்கு நஷ்டம் வந்தால் வக்கீல் மேலும் வழக்குப் போடலாம். நீங்கள் கட்டணம் கேட்டு வழக்குப் போட்டதும், எதிருரையில் முதலில் வருவது இந்தக் குற்றச்சாட்டாகத்தான் இருக்கும். வக்கீல்களின் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அது மூடியது நுகர்வோர் ஆணையத்தின் கதவைத்தான், சிவில் கோர்ட்டின் கதவை அல்ல.

எவ்வளவு கிடைக்கும் என்பதுதான் இதில் உறுதியில்லாத இடம். முழு வழக்குக்கும் பேசிய தொகை, பாதியில் நீக்கப்பட்டவருக்கு முழுதாகக் கிடைக்குமா? உங்கள் தவறு எதுவுமே இல்லாமல் கட்சிக்காரர் ஒப்பந்தத்தை முறித்தார் என்று வாதிட்டு மீதி முழுவதையும் கேட்கலாம். ஆனால் வக்கீலை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் கட்சிக்காரருக்கு உண்டு என்று சக்சேனா தீர்ப்பே சொல்லியிருக்கும்போது, அந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்தியதற்காக அவரை முழுத் தொகையும் கட்டச் சொல்வது நீதிமன்றத்துக்குச் சுலபமாக இருக்காது. செய்த வேலைக்குத் தகுந்த பங்கைக் கேட்பதே பலமான நிலை. உங்கள் வழக்கில் வழக்குரை தயாரித்தது, தடையாணை மனு, எதிருரை வந்தபின் எழுவினாக்கள் (நீதிமன்றம் முடிவு செய்யவேண்டிய கேள்விகள்), நிரூபண வாக்குமூலம், முதல் விசாரணை, பாதிக் குறுக்கு விசாரணை எல்லாம் முடிந்திருக்கின்றன. மீதி இருப்பது எதிர்த்தரப்பு சாட்சிகளும் வாதமும். உழைப்பில் பாதிக்கு மேல் போட்டுவிட்டீர்கள் என்று சொல்ல எல்லா நியாயமும் இருக்கிறது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் 60,000இல் 40,000 அளவுக்கு வேலை முடிந்தது என்று கணக்குக் காட்டி, வாங்கிய இருபதைக் கழித்து, மீதி 20,000 கேட்பேன். கட்டைப் பார்க்காமல் சொல்லும் கணக்கு இது. நீங்கள் வாய்தாக்களைப் புரட்டிப் பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள். ஒப்பந்தத்தில் பேசாத வேலைகள், உதாரணமாக அட்வகேட் கமிஷனர் நியமனம் கேட்டுப் போட்ட இடைமனு போன்றவை இருந்தால், ஒப்பந்தச் சட்டம் 70ஆம் பிரிவைக் காட்டி அவற்றுக்குத் தனியாகக் கேட்கலாம். இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் செய்த வேலையின் பலனை இன்னொருவர் அனுபவித்தால் ஈடு தரவேண்டும் என்பது அந்தப் பிரிவு.

நிரூபணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கட்சிக்காரர் உங்களிடம் மனம்விட்டுச் சொன்ன விஷயங்களைக் காக்கும் கடமை, வக்காலத்து முடிந்தபின்னும் தொடர்கிறது. அதனால் உங்கள் உழைப்பைக் காட்ட அந்தப் பேச்சுகளை எடுத்துப் போடாதீர்கள். தேவையும் இல்லை. இ-கோர்ட்ஸ் தளத்தில் உங்கள் வழக்கின் ஒவ்வொரு வாய்தாவும், அன்றன்று பிறந்த உத்தரவும் இருக்கின்றன. நீங்கள் ஆஜரான நாட்களை அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். வழக்குரையிலும் இடைமனுக்களிலும் உங்கள் கையெழுத்து இருக்கிறது. சான்றிட்ட நகல் போட்டு வாங்குங்கள். கட்டணத்தைப் பற்றி வாட்ஸ்அப்பில் அவர் ஏதாவது எழுதியிருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். 'மீதியை அறுவடை முடிந்ததும் தருகிறேன்' என்பது போன்ற ஒரு வரி போதும், பேசிய தொகைக்கும் பாக்கிக்கும் அது நல்ல சாட்சியம். புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழோடு தாக்கல் செய்யவேண்டும். ஆனால் அந்த ஒரு வரி, வழக்குப் போடுவதற்கான காலக்கெடுவைப் புதுப்பிக்கும் கையெழுத்திட்ட ஒப்புதலாகுமா என்பது சண்டைக்குரிய விஷயம், அதை நம்பிக் காலம் தாழ்த்தாதீர்கள்.

கட்சிக்காரர் செலவுக்கென்று கொடுத்த பணம் உங்களிடம் மீதி இருக்கிறது என்றும், அதைக் கழித்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பார் கவுன்சில் விதி 28உம் 29உம் அதற்கு இடம் தருகின்றன, ஆனால் நடவடிக்கை முடிந்த பிறகு. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது செலவுப் பணத்தைக் கட்டணத்துக்கு மாற்ற கட்சிக்காரரின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும் என்பது விதி 26. உங்கள் வக்காலத்து முடிந்துவிட்டது, வழக்கு முடியவில்லை. இந்த இடைவெளியை உங்களுக்குச் சாதகமாக நீங்களே வாசித்துக்கொள்வது ஆபத்து. மீதி எவ்வளவு என்று கணக்கு எழுதி அனுப்பி, கழித்துக்கொள்ளச் சம்மதம் கேளுங்கள். தராவிட்டால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சில ஆயிரம் ரூபாய்க்காகக் கட்சிக்காரரின் பணத்தைக் கையாடினார் என்ற புகாருக்கு இடம் கொடுப்பது எந்தக் கணக்கிலும் லாபமில்லை.

கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: இடம் கிடைத்தால் இரண்டு சென்ட் உங்கள் பேரில் எழுதித் தருவதாகவும் அவர் சொல்லியிருந்தார் என்று. அதை நோட்டீசிலும் எழுதாதீர்கள், வழக்கிலும் எழுதாதீர்கள், உரிமை என்று மனதிலும் வைத்துக்கொள்ளாதீர்கள். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைப்பதில் பங்கு கேட்பதையும் விதி 20 தடுக்கிறது. 2017 டிசம்பரில் பி. சுனிதா எதிர் தெலங்கானா மாநிலம் வழக்கில், விபத்து இழப்பீட்டில் சதவீதக் கணக்குப் போட்டு வக்கீல் வாங்கிய காசோலை திரும்பியதற்காக நடந்த குற்ற வழக்கையே உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கையெழுத்திட்ட காசோலை கையில் இருந்தும் அவருக்கு அது உதவவில்லை. சுத்தமான அறுபதாயிரத்தோடு இந்த இரண்டு சென்டைச் சேர்த்தால் அறுபதாயிரமும் கறைபட்டுவிடும்.

இந்த வாரமே செய்யவேண்டியதைச் சொல்கிறேன். கட்டை மேஜையில் வைத்து ஒவ்வொரு ஆவணமாக எழுதுங்கள். கிரயப் பத்திரம் என்றால் ஆவண எண், வருடம், சார்பதிவகம், மூலமா நகலா, எத்தனை பக்கம். பட்டா, சிட்டா, வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று, நோட்டீசுகளின் அலுவலகப் பிரதி, தபால் ஒப்புகை அட்டைகள் எல்லாம் இப்படியே. நீதிமன்றத்தில் தாக்கலாகிக் குறியீடு செய்யப்பட்ட ஆவணங்கள் எவை என்பதைத் தனியாகக் குறியுங்கள்; பிறகு 'மூலப் பத்திரம் வக்கீலிடம்தான் இருக்கிறது' என்று கட்சிக்காரர் சொல்வது இந்த இடத்தில்தான் நடக்கும். உங்கள் செலவில் முழுக் கட்டையும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் கட்சிக்காரரின் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள். புது வக்கீலின் குமாஸ்தா வந்தால், கட்சிக்காரரின் எழுத்துபூர்வமான அதிகாரம் இல்லாமல் கொடுக்காதீர்கள். அதற்கடுத்த சில நாட்களில், கட்டணக் கணக்கைப் பதிவுத்தபாலில் அனுப்புங்கள்: பேசிய தொகை, செய்த வேலை, வந்த தொகை தேதிவாரியாக, மீதி, பதினைந்து நாள் அவகாசம். கடிதத்தில் கோபமும் வேண்டாம், வழக்கின் பலவீனத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். அந்தக் கடிதம் எதிர்த்தரப்பு கையில் கிடைத்தாலும் உங்கள் பழைய கட்சிக்காரருக்குப் பாதகம் வராதபடி இருக்கவேண்டும்.

பதில் வராவிட்டால் சிவில் வழக்கு. காலக்கெடு மூன்று வருடம். அது வேலை முடிந்த நாளில் தொடங்குகிறதா, வக்காலத்து ரத்தான நாளிலா என்று வாதம் வரக்கூடும். ஆகவே நீங்கள் கடைசியாக ஆஜரான நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். எழுத்து ஒப்பந்தம் இருந்திருந்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 37இன் கீழ் சுருக்கமுறை வழக்குப் போட்டிருக்கலாம். வாய்வார்த்தைக்கு அது பொருந்தாது, சாதாரண வழக்குத்தான். இந்தத் தொகைக்கு நான் முதலில் போவது மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு. வழக்குத் தாக்கல் ஆகும் முன்பே லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், வைக்கலாம், நீதிமன்றக் கட்டணம் கிடையாது, சமரசமானால் அந்தத் தீர்வு சிவில் கோர்ட் டிக்ரிக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை. கட்சிக்காரர் வராவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது என்பது அதன் குறை. ஆனால் அங்கிருந்து போகும் ஒரு நோட்டீஸ், நம் நோட்டீஸைவிட அதிக வேலை செய்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். புது வக்கீலிடமும் ஒருமுறை பேசுங்கள். நாளை அவர் கட்டணமும் அதே கட்சிக்காரரிடம் நிற்கக்கூடும். பழைய பாக்கியில் ஒரு பகுதியையாவது தீர்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்ல அவருக்குச் சொந்தக் காரணமும் இருக்கிறது.

அடுத்த வழக்கிலிருந்து ஒரு பக்கக் கடிதம் போதும். இதுவும் உங்கள் கேள்விக்குள் அடங்கியதே, ஏனென்றால் நீக்கப்பட்ட பிறகு செய்யக்கூடியது கொஞ்சம், வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் நாளில் செய்யக்கூடியது அதிகம். மொத்தத் தொகையாகப் பேசாமல் கட்டம் கட்டமாகப் பேசுங்கள்: வழக்குரை தாக்கலாகும்போது இவ்வளவு, எழுவினா வரையும்போது இவ்வளவு, சாட்சி விசாரணை தொடங்கும் முன் இவ்வளவு, வாதத்துக்கு முன் மீதி. பாகப்பிரிவினை என்றால், பேசிய தொகை, யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் முதல்நிலைத் தீர்ப்பாணையோடு முடிகிறதா, சொத்தைப் பிரித்துத் தரும் இறுதித் தீர்ப்பாணை மனுவுக்கும் சேர்த்தா என்று எழுதுங்கள். பாதிச் சண்டைகள் அங்கேதான் முளைக்கின்றன. வெளியே சமரசமாகிவிட்டால் எந்தக் கட்டம் வரை கட்டணம், இடையில் வக்கீலை மாற்றினால் அதுவரை முடிந்த கட்டங்களின் கட்டணம் உடனே தரவேண்டும், இந்த இரண்டு வரிகளும் இருக்கட்டும். ஒவ்வொரு முறை பணம் வாங்கும்போதும் கட்டணமா செலவா என்று குறிப்பிட்டு ரசீது கொடுங்கள். கட்டக் கட்டணம் வராதபோது, வாய்தாவுக்கு முந்தைய நாள் கைவிட்டுவிடாமல், போதிய அவகாசத்தோடு எழுதித் தெரிவியுங்கள். தகுந்த காரணமும் முன்னறிவிப்பும் இருந்தால் நீங்களே விலகிக்கொள்ள விதி 12 அனுமதிக்கிறது. அப்போதும் செய்யாத வேலைக்கு வாங்கிய பணம் ஏதாவது இருந்தால் அதைத் திருப்பித் தரவேண்டும்.